பெறப்பட்டது

காலை ஆறு நாலுக்குக் கைபேசி சிணுங்குகிறது:
'கதவு எண் 17/3 குப்பை பெறப்பட்டது. நன்றி.'
எட்டிப் பார்க்கிறேன்.
பச்சை வாளியும் நீல வாளியும்
நேற்று வைத்த இடத்தில், வைத்த முகத்தோடு.
பச்சையின் மூடிமேல் ஒரு காகம்
என்னைவிட நிதானமாக
உள்ளே போகும் வழியை யோசிக்கிறது.

முன்பெல்லாம் விசில்தான்.
ஆறரைக்கு அஞ்சலாட்சி ஊதினால்
புதுப்பாளையத்தில் எங்கள் குறுக்குத் தெரு
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடும்.
முனையில் ஒரு தொட்டியும் இருந்தது,
துருப்பிடித்து, ஒருபக்கம் சாய்ந்து,
யார் எந்நேரம் வந்தாலும் ஏனென்று கேட்காமல்.
தை மாதம் பெயர்த்து எடுத்துப் போனார்கள்.
அந்த இடத்தில் ரங்கோலி போட்டுப் படமெடுத்து
'தொட்டியில்லாத் தெரு' என்று பலகை நட்டார்கள்.
பலகையின் காலடியில்தான்
இப்போது எல்லோரும் போடுகிறோம்.

வாளி கொடுத்த அன்று ஒருவர் வகுப்பெடுத்தார்.
மக்குவது பச்சை. மக்காதது நீலம்.
சரி,
சீப்பில் சிக்கிய முடி?
மாத்திரை அட்டை?
பத்திரப் பதிவில் இருந்த தில்லைக்கோவிந்தன் சார்
(எதற்கும் பிரிவு எண் வேண்டும் அவருக்கு)
எழுந்து கேட்டார்:
"இளநீர் மட்டை மக்கும். எப்போது மக்கும்?"
வந்தவர் தண்ணீர் குடித்தார்.

ஞாயிறன்று முதுநகரில் இறால் வாங்கினேன்.
திங்கள் வண்டி வரவில்லை.
செவ்வாய் வந்ததாம், பத்தே முக்காலுக்கு,
ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
யாரோ ஒருவரின் இரத்தத்தை நான்
கண்ணாடித் தகட்டில் இழுத்துக்கொண்டிருந்தபோது.
பிள்ளையின் குச்சி ஐஸை உடனே தின்னச் சொல்லிவிட்டு
ஃப்ரீசரில் இறால் தோலை வைத்தேன்.
குப்பைக்குக் கரண்ட் பில் கட்டும்
முதல் தலைமுறை நாங்கள்.

புதன் சாயங்காலம் மஞ்சக்குப்பத்தில்
அஞ்சலாட்சியே எதிரில் வந்தாள்.
"நாலு தெரு இல்லக்கா இப்ப, பதினொண்ணு.
பேட்டரி பாதி வழியில செத்துடுது.
முந்நூத்தி இருவது வூடு ஸ்கேன் ஆவலன்னா
அரை நாள் கூலி போச்சு.
அதான் எல்லா ஸ்டிக்கரையும்
போன்ல போட்டோ புடிச்சு வெச்சிருக்கேன்.
டீ கொதிக்கறதுக்குள்ள
வூட்லயே அம்பது முடிச்சிருவேன்."
பிறகு, கொஞ்சம் தணிந்து,
"உன் வூட்டுக்குக் கடசியாத்தான் வரமுடியுது.
நீ கோச்சுக்க மாட்டன்னுதான்."

என் கைப்பையில் மனு இருந்தது.
இருபத்தாறு கையெழுத்து, ஆணையர் பார்வைக்கு.
இரண்டாம் பத்தியில்
'சம்பந்தப்பட்ட பணியாளர்' என்று
நான்தான் எழுதியிருந்தேன், என் அழகான கையெழுத்தில்.
ஜிப்பை இழுத்து மூடினேன்.
வேறென்ன பேசுவதென்று தெரியாமல்
விசில் எங்கே என்றேன்.
"சின்னவ எடுத்துகினு போயிட்டா,
பள்ளிக்கூடத்துல கபடிக்கு."

வியாழன், விடிந்தும் விடியாமலும்.
உறைந்த பொட்டலத்தை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு
கெடிலம் பாலம் ஏறினேன்.
கைப்பிடிச் சுவரோரம் ஏற்கெனவே ஒருவர்,
காதுவரை மஃப்ளர், முதுகுக்குப் பின்னால் மஞ்சள் பை.
"வாக்கிங்கா?" என்றார் தில்லைக்கோவிந்தன் சார்.
"வாக்கிங்தான் சார்," என்றேன்
ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி.
இருவரும் ஆற்றைப் பார்த்தோம்.
ஆகாயத்தாமரைக்கு நடுவில்
தண்ணீர் இருந்த மாதிரியும் இருந்தது.
பொட்டலம் உருகி
என் செருப்பின்மேல் சொட்டத் தொடங்கியது.
யார் முதலில் போவது,
யார் முதலில் போடுவது
என்று நின்றிருந்தோம்.

அவர் சட்டைப் பையிலும் என் கைப்பையிலும்
ஒரே நேரத்தில் சிணுங்கியது.